காது மன்னிக்கும், மோடம் மன்னிக்காது: காருக்குள் ஒரு டேட்டா ரேடியோ நிலையம்

காரில் ஒரு ஹாம் ரேடியோவை (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்களின் கருவி) பொருத்தி, டாப்பில் ஆன்டெனாவை நிறுத்தி, முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நண்பரோடு பேசிக்கொண்டே போவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிகிற வேலை. அதே ரேடியோவில், டேட்டாவை ஒலியாக மாற்றும் ஒரு மோடத்தைச் செருகி, பேச்சுக்குப் பதிலாக இருப்பிடத்தையும் குறுஞ்செய்தியையும் அனுப்பப் பார்த்தால் வாரக்கணக்கில் இழுக்கும். எனக்கு இழுத்தது. மறுமுனையில் இருந்தவர் தினமும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "ஓஎம், சிக்னல் ஃபைவ் நைன். ஆனா ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல."

ஓஎம் என்பது ஹாம்கள் நட்போடு அழைக்கும் சொல், ஃபைவ் நைன் என்றால் தெளிவும் பலமும் உச்சம். அவர் சொன்னது இரண்டுமே உண்மை. காதுக்குக் கண்ணாடி போலக் கேட்கும் சிக்னல் மோடத்துக்குக் குப்பையாக இருக்கலாம். நாம் பேச்சைக் கேட்கும்போது ஒரு சொல்லில் பாதி விழுந்துவிட்டாலும் மீதியை ஊகித்துக்கொள்கிறோம். இருப்பிடத்தையும் குறுஞ்செய்தியையும் அனுப்ப ஹாம்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஏபிஆர்எஸ் முறையில் அந்தத் தாராளம் கிடையாது. ஒரு சாதாரண இருப்பிடச் செய்தி சுமார் 75 பைட், அதாவது 600 பிட். கடைசியில் 16 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று ஒட்டியிருக்கும். அறுநூற்றில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் கணக்கு ஒத்துவராது, பெறும் மோடம் மொத்தச் செய்தியையும் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். "பாதி புரிந்தது" என்று சொல்ல அதற்கு வாயில்லை.

வண்டி ஓடத் தொடங்கினால் நிலைமை இன்னும் மோசம். ஏபிஆர்எஸ் நடக்கும் 144, 145 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் அலைநீளம் ஏறத்தாழ 2 மீட்டர். கட்டடங்களிலும் பாறைகளிலும் பட்டுத் திரும்பும் அலைகள் நேர் அலையோடு மோதுவதால், சுமார் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு பள்ளம் விழும். அந்த இடத்தில் சிக்னல் மெலியும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 20 மீட்டர், அதாவது நொடிக்கு இருபது பள்ளம். நம்முடைய 600 பிட் செய்தி 1200 பாட் (இங்கே நொடிக்கு 1200 பிட்) வேகத்தில் போக அரை நொடி ஆகும். அதற்குள் பத்துப் பள்ளங்களைத் தாண்டியாக வேண்டும். பேச்சில் இது கம்பி வேலியோரம் ஓடிக்கொண்டே அந்தப் பக்கம் பார்ப்பது போன்ற ஒரு படபடப்பு, அவ்வளவுதான். டேட்டாவுக்கு அந்தப் பத்தில் ஒரு பள்ளம் ஆழமாக இருந்தாலே போதும்.

இது புதிய தலைவலி அல்ல. இணையம் பிறந்த கதையிலேயே ஒரு வண்டி இருக்கிறது. கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனம், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பாக்கெட் ரேடியோ (டேட்டாவைச் சிறு பொட்டலங்களாக அனுப்பும் ரேடியோ) திட்டத்துக்காக ஒரு வேனுக்குள் ரேடியோ, கணினி எல்லாம் அடைத்து ஓட்டியது. 1976 ஆகஸ்ட் 27 அன்று அந்த வேனை ரொசாட்டிஸ் என்ற பீர்க்கடையின் பின்புறம் நிறுத்தி, அங்கிருந்த மர மேசை வரை வயர் இழுத்து, ரேடியோ வழியாக, இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் என்ற கணினி வலையமைப்புக்கு ஒரு அறிக்கை அனுப்பினார்கள். இரு வேறு வலையமைப்புகளைத் தாண்டி டேட்டா போன அந்த நாளை இணையத்தின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். 1977 நவம்பர் 22 அன்று அதே வேன் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அனுப்பிய பாக்கெட்டுகள், செயற்கைக்கோள் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா போய் அமெரிக்காவுக்கே திரும்பின. அவர்கள் பரவல் நிறமாலை முறையைக் கையாண்டார்கள். சிக்னல் அகலமாகப் பரவியிருப்பதால் ஒரே பள்ளம் முழுவதையும் விழுங்க முடியாது. நாம் இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஏபிஆர்எஸ்ஸில் அது இல்லை. அந்த வகையில் 1976 வேன் நம் காரைவிட முன்னேறியது.

நம் முறைக்கு வேறு பூர்வீகம். 1978ல் கனடாவின் மான்ட்ரியல் ஹாம்கள் பாக்கெட் ரேடியோவைத் தொடங்கினார்கள். பாக்கெட்டின் வடிவத்தை வகுக்கும் ஏஎக்ஸ்.25 என்ற நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு 1984ல் வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் பணிபுரிந்த பாப் புருனிங்கா அதே ஆண்டு ஒரு விக்-20 கணினியை வைத்து, நூறு மைல் குதிரைப் பந்தயத்தில் ஓடிய குதிரைகளின் இருப்பிடத்தைத் தெரிவிக்கும் நிரல் ஒன்றை எழுதினார். அது வளர்ந்து 1992ல் ஏபிஆர்எஸ் ஆனது. ஆக, இந்த முறையின் முதல் வாகனம் குதிரைதான். 2022ல் இறக்கும்வரை புருனிங்காவுக்கு ஒரு வருத்தம் இருந்தது: இது வண்டியைப் பின்தொடரும் கருவி மட்டுமல்ல, சுற்றியிருப்பவர்களோடு இருவழியாகத் தகவல் பரிமாறும் முறை என்று அவர் எத்தனை முறை சொல்லியும் பலர் வரைபடத்தில் புள்ளி நகர்வதைப் பார்ப்பதோடு நின்றுவிட்டார்கள்.

சரி, நம் காருக்கு வருவோம். முதலில் மின்சாரம். 50 வாட் ரேடியோ ஒன்று ஒலிபரப்பும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு வரை 3 மீட்டர் என்றால், போகவர 6 மீட்டர் வயர். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் இதற்கே ஒரு வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். 6 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் நிற்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் குத்தி வேலையை முடித்துவிடலாம் என்று எல்லோருக்கும் ஆசை வரும். அந்த வயரும் பியூஸும் இதற்கென்று போட்டவை அல்ல. பேட்டரியிலிருந்து நேரடியாக இழுத்து, பியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். வழியில் வயர் உரசித் தகரத்தில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். புதிய கார்களில் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அப்படி இருந்தால் நெகட்டிவ் வயரைப் பேட்டரி முனையில் கட்டாமல் பாடி எர்த்தில் கட்டுவது நல்லது. அப்புறம், ராஸ்ப்பெர்ரி பை மாதிரி குட்டிக் கணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க: இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்டேஜ் பள்ளத்தில் விழும், கணினி செத்துப் பிழைக்கும். நாலு தடவை அப்படி ஆனால் மெமரி கார்டு கெட்டுப்போகும். குறைந்த வோல்டேஜையும் தாங்கும் கன்வெர்ட்டர் போடுங்கள், இல்லையென்றால் கணினியை இன்ஜினுக்குப் பிறகு எழுப்புங்கள்.

ஆன்டெனாவுக்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. 144 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 49 சென்டிமீட்டர் கம்பி, காந்த அடி, தகர டாப்பின் நடு. டாப் முழுக்கக் கண்ணாடி என்றால் காந்தம் ஒட்டாது, கம்பிக்குக் கீழே தேவையான உலோகப் பரப்பும் கிடைக்காது. பானட் ஓரத்துக்குப் போக வேண்டியதுதான்.

உண்மையான போராட்டம் ரேடியோவுக்கும் மோடத்துக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு முழக் கேபிளில். ஏபிஆர்எஸ் மோடம் செய்வது எளிமையான காரியம்: 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்று இரண்டு விசில் சத்தங்களை மாற்றி மாற்றி ஊதும். அதை எஃப்எம் ரேடியோ குரலைப் போலவே கொண்டுபோகும். சிக்கல் எங்கே என்றால், மைக் வழியாகப் போகும் எதையும் ரேடியோ தன் இஷ்டத்துக்குச் சீவிச் சிங்காரிக்கும். மேல் சுருதியை ஏற்றிவிடும். 2200 ஹெர்ட்ஸ் விசில் 1200ஐவிட 5 டெசிபல் அளவு உரத்துப் போகும். மறுமுனை ரேடியோ அதே அளவுக்கு இறக்கிக்கொண்டால் சரிதான். ஆனால் நாம் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தால், ஏற்றப்பட்ட அந்த மேல் விசில் ரேடியோவின் உச்சவரம்பில் முட்டி மழுங்கும், அங்கேதான் பிட்டுகள் புரளும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. செய்தி போய்ச் சேரவில்லையா, சத்தத்தைக் கூட்டுவோம். போகவில்லையா, இன்னும் கூட்டுவோம். நானும் அப்படித்தான் கூட்டினேன். கடைசியில் பக்கத்தில் இன்னொரு ரேடியோவை வைத்து என் விசிலையே கேட்டபோது, கூட்டக் கூட்ட ஓசை உரக்காமல் கரகரப்பதுதான் தெரிந்தது. உரப்பது நிற்கும் இடத்திலிருந்து கணிசமாக இறக்கி வைத்தேன், அன்றே பாக்கெட் போனது. ரேடியோவின் பின்னால் ஆறு முள் கொண்ட வட்ட டேட்டா போர்ட் இருந்தால், மைக்கை விட்டுவிட்டு அதையே பயன்படுத்துவது புத்திசாலித்தனம்.

மோடத்துக்குத் தனிப் பெட்டி வேண்டும் என்ற காலம் போய்விட்டது. டயர்வுல்ஃப் என்ற இலவச மென்பொருள் ஒரு சவுண்ட் கார்டை வைத்தே அந்த வேலையைச் செய்கிறது. பழைய பெட்டிகள் பலவற்றைவிடக் கூர்மையான காது அதற்கு. ஆண்ட்ராய்டு போனில் ஏபிஆர்எஸ்ட்ராய்டு போதும். ஆனால் கணினியும் ரேடியோவும் ஒரே பேட்டரியில் தொங்கினால் தரைச் சுற்று (எர்த் இரண்டு வழியில் இணைவதால் வரும் வளையம்) உண்டாகும். ஆல்டர்னேட்டரின் முனகல் ஆடியோவுக்குள் நுழையும். நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் அது அறுபடும். இன்னொரு வேடிக்கை: ஒலிபரப்பு பட்டனை அழுத்தியதும் யுஎஸ்பி துண்டித்துக்கொள்ளும், கணினி சவுண்ட் கார்டையே மறந்துவிடும், ரேடியோ மட்டும் பட்டன் அமுங்கியபடி அலறிக்கொண்டு நிற்கும். 50 வாட் அலை யுஎஸ்பி வயரில் ஏறுவதால் வரும் வினை இது. வயரைக் குட்டையாக்கி, இரண்டு முனையிலும் அந்த அலையைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்ட வேண்டும். லேப்டாப்பின் அறிவிப்பு ஒலிகளையும் நிறுத்திவிடுங்கள். பேட்டரி குறைந்ததற்கான "டிங்" சத்தம் மாவட்டம் முழுக்கக் கேட்டது என்று யாராவது உங்களிடம் சொல்வதற்கு முன்னால்.

நேரக் கணக்கும் முக்கியம். பட்டனை அழுத்திய கணமே ரேடியோ முழு சக்திக்கு வந்துவிடாது. அதனால் மோடம் பட்டனை அழுத்தியபின் சுமார் 300 மில்லிநொடி பொறுத்துத்தான் டேட்டாவைத் தொடங்கும். பெறும் பக்கம் ஸ்கொல்ச்சை (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைக்கும் வசதி) திறந்தே வைக்க வேண்டும், இல்லையென்றால் அது திறப்பதற்குள் செய்தியின் தலை போய்விடும். கையடக்க ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நயவஞ்சகமான எதிரி பேட்டரி சேமிப்பு வசதி. சும்மா இருக்கும்போது ரிசீவர் தூங்கித் தூங்கி விழிக்கும். பேச்சில் "ஹலோ"வின் முதல் எழுத்து போனால் யார் கவலைப்பட்டார்கள்? பாக்கெட்டில் முகவரியே அங்குதான் இருக்கிறது.

இவ்வளவும் சரிசெய்து செய்தி போகத் தொடங்கியதும், அடிக்கடி அனுப்ப வேண்டும் என்று கை துறுதுறுக்கும். இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு வட்டாரமே ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கிறது. அனுப்புமுன் காலியா என்று மோடம் கேட்டுப் பார்க்கும்தான். ஆனால் மலைக்கு இந்தப் பக்கம் ஓடும் காரும் அந்தப் பக்கம் ஓடும் காரும் ஒன்றையொன்று கேட்காது, நடு உச்சியில் இருக்கும் டிஜிப்பீட்டருக்கு (கேட்ட பாக்கெட்டைத் திரும்ப ஒலிபரப்பும் நிலையம்) மட்டும் இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டு இரண்டும் பாழாகும். 1971ல் ஹவாய் தீவுகளில் ஓடத் தொடங்கிய அலோஹாநெட்டின் கணிதம் இதற்குப் பொருந்தும்: யாரும் யாரையும் கேட்காமல் அனுப்பினால் உச்சபட்சமாக நேரத்தின் 18.4 சதவீதம்தான் பயன்படும். நம் பாக்கெட் காத்திருப்போடு சேர்த்து 0.8 நொடி. நிமிடத்துக்கு 14 பாக்கெட் தேறினால் அதிகம், அதுவும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மோதி வீணான பிறகு. இதில் ஒருவர் பத்து நொடிக்கு ஒன்று அனுப்பினால் ஊரார் எல்லோருடைய சோற்றையும் அவர் ஒருவரே அள்ளுகிறார்.

அதற்காக வந்ததுதான் ஸ்மார்ட் பீக்கனிங். பீக்கன் என்றால் தானாகப் போகும் இருப்பிடச் செய்தி. வேகமாகப் போனால் அடிக்கடி, மெதுவாகப் போனால் எப்போதாவது, திருப்பத்தில் உடனே ஒன்று என்று அனுப்பும். நேர்ச்சாலைக்கு அருமையான ஏற்பாடு. கொல்லிமலைக்குப் போகும்போது மட்டும் அணைத்துவிடுங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் அது விசுவாசமாக ஆளுக்கொரு பாக்கெட் அனுப்பும்.

அலைவரிசையும் ஊருக்கு ஊர் மாறும். வட அமெரிக்காவில் 144.390, ஐரோப்பாவில் 144.800. உள்ளூர் ஹாம்களிடம் கேட்டுவிட்டு வையுங்கள். உலகம் முழுக்க ஒன்றாக இருப்பது 145.825. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் டிஜிப்பீட்டர் அதில்தான் இயங்குகிறது. அது தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிடத்துக்குள், டாப்பில் இருக்கும் அதே 49 சென்டிமீட்டர் கம்பியால் செய்தியைத் தட்டிவிட முடியும். சுற்றிலும் டிஜிப்பீட்டரே இல்லாத ஊர்க்காரருக்கு அதைவிட நல்ல சோதனை கிடையாது. இப்போது பரவிவரும் லோரா வகை ஏபிஆர்எஸ், எஸ்ஆர்ஐ வேனின் பரவல் உத்தியைச் சில நூறு ரூபாய்ச் சில்லுக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆனால் ஐரோப்பியர்கள் வைத்திருக்கும் 433.775 மெகாஹெர்ட்ஸை அப்படியே இறக்கிக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் ஹாம்களுக்குக் கொடுத்திருப்பது 434 முதல் 438 வரை.

தமிழில் அனுப்ப நினைப்பவர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. ஏபிஆர்எஸ் குறுஞ்செய்தியின் நீளம் 67 எழுத்து. அது ஆங்கில எழுத்து, அதாவது 67 பைட். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8ல் 3 பைட் பிடிக்கும். புள்ளியும் தனிக் குறியீடு, கொம்பும் காலும் தனிக் குறியீடு. "வணக்கம்" என்று எழுதினால் ஏழு குறியீடு, 21 பைட். வணக்கம் சொல்வதற்குள் மூன்றில் ஒரு பங்கு காலி. பல பழைய ரேடியோக்களின் திரை அதையும் கட்டம் கட்டமாகக் காட்டும். சாலையில் போகும்போது தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவதுதான் நடைமுறை.

நீளமாகத் தமிழில் எழுத வேண்டுமென்றால் வண்டியை நிறுத்த வேண்டும். இதைத் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை, அந்த வேனும் முதலில் பீர்க்கடையில் நின்றுதானே அனுப்பியது. நின்று அனுப்பும் வேலைக்குப் பெயர்போனது விண்லிங்க்: ரேடியோ வழி மின்னஞ்சல். 1980களில் இதன் முன்னோடியை எழுதிய விக்டர் பூர், டேட்டாபாயின்ட் 2200 என்ற கணினியை வடிவமைத்தவர்களில் ஒருவர். இன்டெல் 8008 சில்லின் கட்டளைத் தொகுப்பு அந்தக் கணினியிலிருந்து வந்ததுதான். விண்லிங்க் செய்தியைச் சுருக்கி அனுப்பும், பிழை வந்த துண்டை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கும். நடுவில் நிலையம் எதுவும் இல்லாமல் இரண்டு ஹாம்கள் நேருக்கு நேராகவும் பரிமாறிக்கொள்ளலாம்.

இது எதற்கு என்று கேட்டால், 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பார்க்கலாம். ஹாம் ரேடியோ முகாமுக்காகப் போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத்தின் குழு, சுனாமியால் தொலைபேசிகள் செத்த பிறகு அந்தமானிலிருந்து தகவல்களை வெளியே கொண்டுவந்தது. அது பெரும்பாலும் குரல் வழி உழைப்பு. நூறு பேரின் பெயர்ப் பட்டியலைக் குரலில் படிப்பது எப்படியிருக்கும் என்று, "ஞானப்பிரகாசம்" என்ற ஒரே பெயரை ஆல்பா, பிராவோ போட்டு எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பார்த்தால் தெரியும். இரைச்சலில் எண் ஒன்று மாறினால் கேட்பவருக்கு மாறியதே தெரியாது. ஆரம்பத்தில் நான் திட்டிய மோடத்தின் கறார்தனம் இங்கே வரமாகிறது: வந்தால் அச்சாக வரும், இல்லையென்றால் வராது.

தமிழ்நாடு முழுக்க எட்ட 7 மெகாஹெர்ட்ஸ் பகுதி பகலில் ஏற்றது. அங்கே அலைநீளத்தில் கால் பங்கான ஆன்டெனாவே பத்து மீட்டருக்கு மேல். காரில் நிற்கும் இரண்டரை மீட்டர் கம்பி பெரும்பாலான சக்தியைச் சுருளில் சூடாக்கி வீணடிக்கும். தவிர, அருகிலுள்ள ஊர்களுக்கு அலை செங்குத்தாக மேலே போய்த் திரும்பி விழ வேண்டும், நிமிர்ந்த கம்பியோ தலைக்கு நேர் மேலே எதையும் வீசாது. ஆகவே வண்டியை ஓரங்கட்டி, ஆறேழு மீட்டர் ஃபைபர் கழி ஒன்றைக் கட்டி, 20 மீட்டர் வயரைக் கூரை வடிவில் இரண்டு பக்கமும் இறக்கினால் கதையே மாறிவிடும். பவரை 100 வாட்டில் வைக்காதீர்கள். பேச்சில் மூச்சு விட இடைவெளி உண்டு. டேட்டா இடைவிடாமல் முழுச் சக்தி இழுக்கும், ரேடியோ கொதிக்கும். பாதிக்குக் கீழே போதும். இன்ஜினை அணைத்து, போன் சார்ஜரைப் பிடுங்குங்கள். ரேடியோவை மாற்றலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில், என் 7 மெகாஹெர்ட்ஸை மூடியிருந்த இரைச்சலின் மூலம் அந்தக் கட்டைவிரல் அளவு சார்ஜர்தான்.

உரிமம் இல்லாமல் இதில் எதையும் ஒலிபரப்பக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 12 வயது நிரம்பிய யாரும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை எழுதலாம். கீழ்நிலை உரிமத்துக்கு மோர்ஸ் கூடத் தேவையில்லை. ஆனால் பலர் யோசிக்காத விதி ஒன்று உண்டு. ஹாம் அலைவரிசையில் பொருளை மறைக்கும் சங்கேத மொழி கூடாது என்பது சர்வதேச விதி. நாம் அனுப்பும் எதையும் எவரும் படிக்கலாம். ஏபிஆர்எஸ் இருப்பிடம் ஏதோ ஒரு ரிசீவர் வழியாக இணைய வரைபடத்துக்குப் போய், தேதி நேரத்தோடு அங்கேயே கிடக்கும். எந்த வீட்டு வாசலில் இரவில் நிற்கிறது, எப்போது கிளம்புகிறது, எத்தனை நாளாகத் திரும்பவில்லை என்பதெல்லாம் சேர்த்து.

நான் வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டருக்கு முன்னால், டீக்கடைத் திருப்பத்தில் பீக்கனை அணைத்துவிடுவேன். அந்த வரைபடத்தை நம்பினால், பல வருடமாக என் கார் ராத்திரி முழுக்க டீக்கடையில்தான் நிற்கிறது.